இணக்கமும் கட்டாயமும்: அரசுகளின் பண்பாட்டு ஒத்துழைப்பும் வன்னிக் கண்ணகியும்

பண்பாட்டுத் துறையில் அரசுகள் ஒன்றோடொன்று விரும்பி ஒத்துழைத்தல் என்பது இரண்டாம் உலகப்போரின் பின்னர் மேனாட்டிலே தோன்றிய ஒரு நிருவாகக் கருத்து என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. சொல்லாட்சியைப் பொறுத்தவரை அது சரியே. ஆயின் பொருளை நோக்குமிடத்து, தமிழிலக்கியம் கற்போர் இதனை வேறோரிடத்திற் கண்டிருப்பர். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகி வழிபாடு நாடுகள்தோறும் பரவிய வகையை மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கின்றது. பாண்டிநாட்டில் மழையற்று நோய் பரவ, வெற்றிவேற்செழியன் பத்தினிக்கு விழா எடுக்கின்றான். அச்செய்தியைக் கேள்வியுற்ற கொங்கிளங்கோசர் தம் நாட்டிலும் அவ்வாறே செய்கின்றனர். அவர் செய்தது கேட்டு இலங்கையிற் கயவாகு செய்கின்றான். பின்னர்ச் சோழன் பெருங்கிள்ளியும் உறையூரிற் கோயில் சமைக்கின்றான். இங்கே ஓர் அரசன் மற்றோர் அரசனை ஏவியதாகச் செய்தி இல்லை. பொதுவான ஆணையும் இல்லை. ஒருவன் கண்ட பயனை மற்றவன் கேட்டறிந்து, தன் நாட்டுக்கேற்ற முறையில் மேற்கொள்கின்றான்.

எனினும் இதனை ஓர் அழகிய சித்திரமாக எண்ணி அமைந்துவிடுதல் இயலாது. செழியன் எடுத்த விழா ஆயிரம் பொற்கொல்லரின் உயிர்ப்பலியோடு நிகழ்ந்தது என்பதை அதே உரைபெறு கட்டுரை மறைக்கவில்லை. வரந்தரு காதையிலோ, செங்குட்டுவன் எடுப்பித்த கோட்டத்தின் முன்னர்ப் பத்தினியை வணங்கி நிற்கும் அரசர் வரிசையில், சிறையினின்றும் விடுபட்ட ஆரிய மன்னரும் கடல்கடந்து வந்த கயவாகுவும் ஒருங்கே காணப்படுகின்றனர். தோற்றத்தில் எல்லோரும் ஒரே வழிபாட்டில் இணைந்தவர்களே. ஆனால் கயவாகு வராமலே இருந்திருக்கலாம். சிறைவீடு பெற்றோர்க்கு அவ்வசதி இருந்ததில்லை.

கயவாகுவின் கதையும் கடலுக்கு இப்பால் வேறு வடிவங் கொண்டமை கருதத்தக்கது. மகாவமிசம் முதலாம் கஜபாகுவைப் பற்றிக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டைக் குறிப்பிடவில்லை. மிகப் பிற்பட்ட சிங்கள நூலாகிய இராஜாவலிய, அவன் சோழநாட்டின்மீது சென்று, முன்னர்ச் சிறைப்பட்ட தன் நாட்டவரை மீட்டதோடு சோழநாட்டவரையுஞ் சிறைபிடித்து, பத்தினியின் சிலம்புகளையும் கொணர்ந்தான் என்கின்றது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர இக்கதையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாது தொன்மமாகவே ஆராய்ந்தார். பத்தினி வழிபாடு பற்றிய அவரது பெருநூல் 1984இல் வெளிவந்தது. தொன்மமேயாயினும், கண்ணகியின் வருகை ஒரு மொழியில் விருந்தினன் பெற்ற வரமாகவும் மற்றொரு மொழியில் வென்றவன் கொண்ட பொருளாகவும் நினைக்கப்படுவது சிறிய வேறுபாடன்று.

அரசுகளின் பண்பாட்டு ஒத்துழைப்பை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் இவ்விலக்கியச் செய்திகளிலேயே கிடைக்கின்றது. எத்தனை ஒப்பந்தங்கள், எத்தனை மண்டபங்கள் என்று எண்ணுவதால் அதிகம் விளங்காது. ஒத்துழைத்தவருள் எவருக்கு மறுக்கும் உரிமை இருந்தது என்பதே கேட்கவேண்டிய வினா. இவ்வினாவை ஐரோப்பாவிலும், இந்திய இலங்கை அரசுகளிடையேயும், கண்ணகி வழிபாட்டின் பெருநிலங்களுள் ஒன்றாகிய வன்னியிலும் வைத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பியப் பேரவையின் ஐரோப்பியப் பண்பாட்டு உடன்படிக்கை 1954 டிசம்பர் 19ஆந் திகதி பாரிசில் ஒப்பமிடப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் நகரை மற்றவர் எரித்த நாடுகள், மொழியையும் வரலாற்றையும் ஒருவர் மற்றவரிடத்துக் கற்பதற்கு ஊக்கமளிப்பதாக அதில் உறுதி கூறின. 1985இல், கிரேக்கப் பண்பாட்டமைச்சராயிருந்த நடிகை மெலினா மெர்கூரியின் முயற்சியால் ஏதென்ஸ் முதலாவது ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாயிற்று. அக்காலத்திலேயே தொடங்கப்பெற்ற மற்றொரு வழக்கம் விளம்பரம் பெறவில்லையாயினும் பயன்மிக்கது. தன் பண்பாட்டுக் கொள்கையை ஆராயுமாறு ஓர் அரசு தானே கேட்டுக்கொள்ளும்; தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே எழுதும்; பிறநாட்டு அறிஞர் குழுவொன்று வந்து பார்த்துத் தன் அறிக்கையை எழுதும்; இரண்டும் அருகருகே வைத்து விவாதிக்கப்படும். பிரான்சும் சுவீடனும் இதற்கு முதலில் முன்வந்தன.

1992ஆம் ஆண்டின் மாஸ்திரிக்ட் உடன்படிக்கை பண்பாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குள் முதன்முறையாகக் கொண்டுவந்தது. கொண்டுவந்தபோதே அதற்கு ஒரு வேலியும் இட்டது. உறுப்பு நாடுகளின் பண்பாட்டுச் சட்டங்களை ஒரே சீராக்குதல் கூடாது என்பது அவ்வேலி. இன்று 167ஆம் உறுப்புரையாக உள்ள அவ்விதி, ஒன்றியம் ஊக்குவிக்கலாம், துணைசெய்யலாம் என்பதற்கு மேற் செல்வதில்லை. இதனால், 2000ஆம் ஆண்டு லிஸ்பன் மாநாட்டில் வேறு துறைகளுக்காக வகுக்கப்பட்ட திறந்த ஒருங்கிணைப்பு முறை, 2007ஆம் ஆண்டிற் பண்பாட்டுக்கும் பொருத்தப்பட்டது. விரும்பிய நாடுகள் தம் அறிஞரை அனுப்பும். கலைஞர் நாடுவிட்டு நாடு செல்லுதல், அரும்பொருட்சாலைகளின் பொருள்களைப் பரிமாறுதல், கல்வியும் கலையும் இயைதல் முதலிய பொருள்கள் பற்றிக் குழுக்கள் கூடும். ஒரு நாடு செய்து கண்டதை மற்ற நாடு கேட்டறியும். முடிவில் அறிக்கை வரும். அதனை ஏற்காத நாட்டுக்குத் தண்டனை இல்லை. உரைபெறு கட்டுரையின் அரசர் செய்தது போன்றதே இம்முறை எனலாம். பொற்கொல்லர் பலி இல்லாதது ஒரு முன்னேற்றம்.

இம்முறையின் குறைகள் வெளிப்படையானவை. அறிக்கைகள் பல அமைச்சு அலுவலகங்களின் அலுமாரிகளை விட்டு வெளியேறுவதில்லை. கூடுவோர் பெரும்பாலும் உத்தியோகத்தர். பாடுவோரும் ஆடுவோரும் அங்கு அரியர். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஐரோப்பாவின் ரோமா மக்கள் எண்ணிக்கையிற் பல இலட்சத்தினர். அவர்தம் இசை பல நாடுகளின் இசையில் ஊறியுள்ளது. ஆயினும் அரசுகள் கூடும் மேசையில் அவர்களுக்கென ஆசனம் இல்லை, அவர்களுக்கென அரசு இல்லாமையால். அரசில்லாத பண்பாட்டுக்கு அரசுகளின் இணக்கம் வேறெவரோ செய்துகொண்ட இணக்கமாகவே அமைகின்றது.

இக்குறைகள் இருந்தும் ஐரோப்பிய முறை ஓரளவேனும் இயங்குவதன் காரணத்தை வெளியுறவில் தேடுவது பயனற்றது; அது உள்வீட்டில் இருக்கின்றது. ஜெர்மனியிற் பண்பாடு மத்திய அரசின் உடைமையன்று. பதினாறு மாநிலங்களின் அதிகாரத்துக்குரியது. பெல்ஜியத்தில் 1970ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்துப் பண்பாடு மொழிச் சமூகங்களின் பொறுப்பாயிற்று. டச்சு மொழியினர், பிரெஞ்சு மொழியினர், ஜெர்மன் மொழியினர் ஆகிய மூன்று சமூகங்களுக்கும் தனித்தனிப் பண்பாட்டமைச்சர் உளர். ஐரோப்பியப் பண்பாட்டமைச்சர் கூட்டத்திற் பெல்ஜியத்தின் ஆசனத்தில் இச்சமூகங்களின் அமைச்சரே முறைவைத்து அமர்கின்றனர். அயலாருடன் இணங்குமுன் தன் வீட்டாரின் மறுப்புரிமையை ஒப்புக்கொண்ட நாடே அயலாருடன் அச்சமின்றி இணங்குகின்றது. இலங்கையர் ஐரோப்பாவிடமிருந்து கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டெனில் இதுவே.

இந்தியாவும் இலங்கையும் பண்பாட்டு ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றை 1977 நவம்பர் 29ஆந் திகதி புதுடில்லியிற் செய்துகொண்டன. காலத்துக்குக் காலம் நிகழும் கலைப் பரிமாற்றங்கள் அதன் அடியாக வருவன. அண்மைக்கால விளைவுகளுள் மூன்று எடுத்துக்காட்டத்தக்கவை. யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் 2015 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2022இல் திறக்கப்பெற்று, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. மன்னாரில் திருக்கேதீச்சரத்தின் திருப்பணி இந்திய நன்கொடையால், இந்தியத் தொல்லியல் அளவைத் துறையினதும் மாமல்லபுரச் சிற்பக்கலைக் கல்லூரியினதும் பங்களிப்புடன் நிறைவெய்தி, 2022 ஜூலையிற் குடமுழுக்குக் கண்டது. 2020 செப்டெம்பரில் இரு பிரதமரும் நிகழ்த்திய உச்சிமாநாட்டில், பௌத்த உறவை வளர்ப்பதற்கென ஒன்றரைக்கோடி அமெரிக்க டொலர் அறிவிக்கப்பட்டது.

இவற்றை இகழ்வதற்கில்லை. திருக்கேதீச்சரத்தின் கற்பணி தலைமுறைகள் தாண்டி நிற்கும். யாழ்ப்பாண நகரிற் பெரிய அரங்கொன்றின் தேவை நெடுங்காலம் உணரப்பட்டதே. ஆனால் இவற்றின் இயல்பு ஒரே வகையினது. தலைநகரிரண்டு பேசி முடிவு செய்கின்றன. முடிவு கட்டடமாகவோ நன்கொடைத் தொகையாகவோ வந்து சேர்கின்றது. யாழ்ப்பாண மையத்தின் கட்டடம் முடிந்த பின்னரும் அதனை நடத்துவது மாநகரசபையா மத்திய அரசா என்னும் வினா நெடுநாள் இழுபட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது ஊர்ப்பெயர் விடுபட்டமை குறித்துக் கண்டனம் எழுந்தது. பெயரிலும் நடத்துதலிலும் ஊரவரின் கருத்துப் பின்னர் வந்து சேரும் ஒன்றாகவே கருதப்பட்டது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. வவுனியாவிலிருந்து அம்மையம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வடபகுதித் தமிழரின் பண்பாடு என்று தலைநகரங்களிற் பேசப்படும்போது யாழ்ப்பாணம் நினைக்கப்படுகின்றது. வன்னி வழியிலுள்ள நிலம்.

இதனோடு ஒப்பிடத்தக்க, ஆனால் இதனினும் எளிய, ஒத்துழைப்பொன்று கண்ணகியின் பெயராலேயே தமிழகத்தின் மேற்கெல்லையில் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. பெரியார் புலிகள் காப்பகத்தினுள், மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் செங்குட்டுவன் எடுத்ததென்றே பலரும் நம்புகின்றனர். அவ்விடம் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா உரியது என்ற பிணக்கு நெடுங்காலமாகத் தீரவில்லை. எனினும் சித்திரைப் பூரணையன்று மட்டும் கோயில் வழிபாட்டுக்குத் திறக்கப்படுகின்றது. அதற்கென இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட ஆட்சியரும் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றனர். குமுளியிலிருந்து வண்டியிலும் பளியங்குடிப் பக்கமிருந்து நடந்தும் மக்கள் ஏறுகின்றனர். குடிநீர், காவல், மருத்துவம் ஆகியன பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. உடைமை பற்றிய வழக்கு அன்று ஒருநாள் ஒதுக்கி வைக்கப்படுகின்றது. எத்தரப்பும் தன் கோரிக்கையைக் கைவிடவும் இல்லை. உடைமையில் ஒன்றுபடாதவர் நடைமுறையில் ஒன்றுபடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் அரிது. ஓராண்டில் ஒருநாள் என்பது மிகக் குறைவே என்று அடியார் முறையிடுவதும் நியாயமே.

வன்னியின் கண்ணகிக்கு இத்தகைய இரு அரசுகள் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலின் கரையில் அமைந்த வற்றாப்பளையே அவளது தலைமை இருக்கை. மதுரையை எரித்த பின் அவள் தங்கிச் சென்ற இடங்களுட் பத்தாவது இது, பத்தாம்பளை என்பதே வற்றாப்பளையாயிற்று என்பர். மூதாட்டியாக வந்தவளுக்கு மாடு மேய்த்த சிறுவர் பொங்கலிட்டதும், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை வார்க்கச் சொல்லி அவள் எரியச் செய்ததும், தலையிற் பேன் பார்த்த சிறுவர் ஆயிரம் கண்களைக் கண்டதும் அந்நிலத்தின் குழந்தைகள் அறிந்த கதை. உரைபெறு கட்டுரையில் வருவோர் அரசர். வற்றாப்பளைக் கதையில் முதலில் விழா எடுப்போர் இடைச்சிறுவர். இவ்வேறுபாடு வழிபாட்டின் அமைப்பிலும் தொடர்கின்றது.

வைகாசிப் பொங்கல் ஒரு கோயிலில் ஒருநாள் நிகழும் விழாவன்று. பாக்குத்தெண்டலோடு அது தொடங்குகின்றது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர்ச் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைக்கப்பட, உப்புநீரில் விளக்கெரிகின்றது. காட்டா விநாயகருக்குப் பொங்கல் முடிந்தபின், அங்கிருந்து மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றது. அங்கே வளந்து நேர்ந்து பொங்கல் ஏற்றப்படுகின்றது. சிலம்பு கூறல் படிக்கப்படுகின்றது. கடலோரம், வயலோரம், குளத்தோரம் என மூவகை நிலத்தாரின் பங்குமின்றி இவ்விழா நிறைவுறாது. கடல்நீர் வராவிடில் விளக்கில்லை. முள்ளியவளையிலிருந்து பண்டம் வராவிடில் வற்றாப்பளையிற் பொங்கல் இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் பங்கை மறுத்துவிடக் கூடும் என்பதே ஒவ்வோர் ஊருக்கும் உள்ள பெருமை.

இதனை மக்கள் விரும்பிச் செய்த கூட்டுறவென்று புகழ்ந்து அமைதல் எளிது. அவ்வாறு புகழ்வோர், ஊர்க்கோயில்களிற் கடமைகள் குடிவழியாகவும் சாதிவழியாகவும் பங்கிடப்பட்டமையைக் காணாது விடுகின்றனர். சில குடிகளுக்கு அப்பங்கு உரிமை. சில குடிகளுக்கு அது ஊழியம். பறை முழக்குவோனின் பங்களிப்பை விருப்பத்தின்பாற்பட்டது என்று கூறும்போது, மறுத்தால் அவனுக்கு ஊரில் என்ன நேர்ந்திருக்கும் என்பதையுங் கூறவேண்டும். அரசரின் அவையிற் கேட்ட வினா ஊரின் அவைக்கும் பொருந்துவதே. காலப்போக்கில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்துள்ளன. தளர்ந்த பின்னரும் விழா குன்றாது நடைபெறுவது, அது கட்டாயத்தால் மட்டும் நின்றதன்று என்பதற்குச் சான்று. 2009 மே மாதத்தில் போரின் இறுதி நாள்கள் அதே நந்திக்கடலோரத்திற் கழிந்தன. அதன்பின் அந்நிலத்து மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. மீண்டவர்கள் வீட்டுக்குக் கூரை போடுமுன்னரே பொங்கலுக்குப் பங்கு கொடுத்தனர் எனின், அதனை ஏவியோர் எவருமில்லை.

மற்றொன்றுங் கூறவேண்டும். கண்டிப் பெரஹராவிற் பத்தினி தேவாலயத்துக்கு இடமுண்டு. அது நிகழ்வது எசல மாதத்தில், அஃதாவது ஆடியில். இலங்கை வேந்தன் விழா எடுத்ததும் ஆடியிலேயே என்கின்றது உரைபெறு கட்டுரை. வன்னியிலும் மட்டக்களப்பிலுமோ கண்ணகிக்கு உரியது வைகாசி. அரசன் குறித்த மாதம் ஒன்று, குடிகள் குறித்த மாதம் ஒன்று என்று இதனை விளக்கலாமா என்பது ஆய்வாளர் கருதவேண்டிய பொருள். இரு மொழியினரும் ஒரே தெய்வத்தை இரு மாதங்களில் வழிபட்டு வந்தமையால் எவர்க்கும் குறை நேர்ந்ததில்லை.

அரசு நிறுவனமொன்று ஊர்க்கலையை அணுகியபோது நிகழ்ந்தது என்ன என்பதற்கு இப்பல்கலைக்கழக உலகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், ஊரூராகச் சென்று கூத்துகளைக் கண்டார், போட்டிகள் நடத்தினார், மன்னார்ப் பகுதி நாடகங்கள் உட்படப் பழைய பிரதிகளைப் பதிப்பித்தார். பேராதனையில் மாணவரைக் கொண்டு 1960களிற் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். மாணவரை ஆடப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஊரின் ஆசானைப் பல்கலைக்கழகம் ஆசானாகவே அழைத்தது என்பதே அம்முயற்சியின் சிறப்பு. வட்டக்களரியிற் விடியும்வரை ஆடப்பட்டது படச்சட்ட மேடையில் ஒன்றரை மணிநேரமாகச் சுருங்கியது என்னும் பிற்காலக் கண்டனத்தையும் தள்ளிவிட முடியாது. சுருக்கியதிற் குற்றமில்லை, சுருக்கமே கூத்து என்று பின்வந்த அரச விழாக்கள் கொண்டதிலேயே குற்றம். முள்ளியவளைப் பகுதியின் கோவலன் கூத்தும் அரச விழா மேடைக்கு வரும்போது இவ்விடருக்கு உட்பட்டதே. பொங்கலின் ஓரங்கமாக விளங்குவது, நிகழ்ச்சி நிரலின் ஓரங்கமாக மாறுகின்றது. அதற்கென ஒதுக்கப்படும் நேரத்தை அண்ணாவியார் நிச்சயிப்பதில்லை.

அழைத்தலுக்கு நேர்மாறான முறையும் வன்னியில் உண்டு. தண்ணிமுறிப்புக் குளத்துக்கு அண்மையிலுள்ள குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் அகழ்வாய்வு தொடங்கப்பட்டது. தொல்லியல் திணைக்களம் அதனைப் பழைய பௌத்த விகாரை இருந்த இடமென்கின்றது. ஊரவர் தாம் வழிபட்டுவந்த ஆதிசிவன் ஐயனாரின் இடமென்கின்றனர். பிணக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குச் சென்றது; 2022இல் அங்கு எழுப்பப்பட்ட கட்டுமானம் குறித்து நீதிமன்றக் கட்டளைகளும் பிறந்தன. வன்னியிற் பண்டைப் பௌத்த எச்சங்கள் இருப்பது வியப்பன்று. தமிழரும் ஒருகாலத்திற் பௌத்தராயிருந்தமையைத் தமிழ் ஆய்வாளரே எடுத்துக்காட்டியுள்ளனர். மண்ணுக்குள் விகாரையும் மண்ணின்மேல் ஐயனாரும் இருப்பதில் வரலாற்று முரண் எதுவுமில்லை. முரண் தோன்றுவது, கண்டெடுத்ததைக் கொண்டு உடைமையை நிறுவவும், நிறுவிய உடைமையைக் கொண்டு வழிபாட்டை நிறுத்தவும் முற்படும்போது. இடுக்கியிலும் தேனியிலும் வழிபாடு முன்னும் உடைமை பின்னும் வைக்கப்பட்டன. குருந்தூர்மலையில் வரிசை மாறிற்று. அகழ்வுக்குமுன் ஊரவரோடு பேசுவதற்குத் தடையாயிருந்த சட்டம் எதுவுமில்லை. மறுக்கக் கூடியவரோடு பேசும் வழக்கம் இல்லாமையே தடை.

அவ்வழக்கத்தை உருவாக்கக்கூடிய அமைப்பு ஏட்டளவில் இருக்கவே செய்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், நாடகமும் இசையும் பிற அரங்கக் கலைகளும், தேசிய முக்கியத்துவம் உடையனவென்று பாராளுமன்றம் அறிவித்தவை தவிர்ந்த பழஞ்சின்னங்களும் மாகாணத்துக்குரியன என்றது. தேசிய முக்கியத்துவம் என்பதனை முடிவு செய்வது மத்தி என்பதால், கொடுத்த கையே திரும்ப எடுக்கவும் வல்லது. வட மாகாண சபைக்கு முதற்றேர்தல் நடைபெற்றது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற, பின்னர்ப் பல்லாண்டுகள் தேர்தலில்லை. பெல்ஜியத்தில் மொழிச் சமூகத்தின் அமைச்சர் அமரும் ஆசனத்துக்கு நிகரான ஆசனம் இங்கே வெறுமையாயிருந்தது. புதுடில்லியும் கொழும்பும் எதனைப் பற்றி இணங்கினாலும், இணக்கமில்லை என்று சொல்வதற்கோ இணங்குகின்றோம் என்று சொல்வதற்கோ தெரிவு செய்யப்பட்ட வாயில்லை.

எஞ்சியிருப்பவை பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகள். கிளிநொச்சி மாவட்டத்தில் நான்கு, முல்லைத்தீவில் ஆறு, வவுனியாவில் நான்கு எனப் பதினான்கு பிரிவுகள் வன்னிப் பெருநிலத்தில் உள. பேரவைகள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. முதிய கலைஞரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கின்றன. கரைச்சியின் கரை எழில் போன்ற மலர்களை வெளியிடுகின்றன. இம்மலர்களைப் பல்கலைக்கழகத்தார் மதிப்பதில்லை. வாழ்த்துச் செய்திகளைக் கடந்து உட்செல்லும் பொறுமை இருப்பின், நூலகங்களில் இல்லாத ஊர்ப்பெயர் வரலாறும், குளங்களின் வழக்காறும், அண்ணாவிமார் பரம்பரையும் அங்கே கிடைக்கும். ஆயினும் பேரவையின் தலைவர் பதவிவழியாகப் பிரதேச செயலாளரே. அவர் மத்திய நிருவாகத்தின் உத்தியோகத்தர். ஆகவே கலைஞர் அங்கு விருது பெறுவோராக வருகின்றனரேயன்றி முடிவு செய்வோராக வருவதில்லை.

இக்குறையைப் போக்குவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய அரசுகள் செய்தவாறு, ஒவ்வொரு பேரவையும் தன் பிரிவின் வழிபாட்டுக் கலைகளின் நிலை பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதலாம். அயற்பிரிவின் கலைஞரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் வந்து பார்த்துத் தம் அறிக்கையை எழுதலாம். இரண்டையும் ஊரவர் முன் வைத்து விவாதிக்கலாம். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு மரபுரிமைச் சமவாயத்தில் இலங்கை 2008இல் இணைந்தது. அச்சமவாயத்தின் பட்டியலில் 2018இல் ரூகட என்னும் நூற்பாவைக் கூத்தும், 2021இல் தும்பறைப் பாய்நெசவும் இடம்பெற்றன. பட்டியலுக்கு ஒரு கலையை முன்மொழியும் அரசு, அக்கலைக்குரிய மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, அறிந்த இணக்கத்தைச் சான்றுடன் காட்டவேண்டும் என்பது விதி. வற்றாப்பளைச் சிலம்பு கூறலை நாளை எவரேனும் முன்மொழிவதாயின், சிலாவத்தையிலும் முள்ளியவளையிலும் வற்றாப்பளையிலும் தனித்தனியே கேட்டாக வேண்டும். அங்கு பறை முழக்குவோரையும் கேட்டாக வேண்டும்.

பதினான்கு பிரிவுகளுள் வவுனியா தெற்கும் வெலிஓயாவும் சிங்கள மக்கள் பெரும்பான்மையாய் வாழ்பவை. அவர்களுக்கும் பத்தினி தெய்வமே. கண்ணகியைப் பொருளாகக் கொண்டு பதினான்கு பேரவைகளும் கூடுமாயின், இருமொழி வழக்கிலுமுள்ள பாடல்களையும் சடங்குகளையும் ஒப்பிட்டறிய அதனினும் நல்ல வாய்ப்பு இல்லை. ஆனால் வெலிஓயா முன்னர் மணலாறு எனப்பட்ட நிலம். 1984இல் அப்பகுதியினின்றும், அதனை அடுத்த கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் அகதிகளாய் வாழ்ந்தன. மீண்டோர் பலர்க்குக் காணி பற்றிய வழக்கு இன்னமும் உண்டு. அக்கூட்டத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவோர், கொக்குத்தொடுவாயிலிருந்து வரமாட்டோம் என்று ஒரு மறுமொழி வருமாயின் அதனையும் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், காரணங்களோடு, முதலாவது பொருளாகப் பதிந்துகொள்ள ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.